மாஸ்டர் காலடியில் ஒரு பிரேக்

என் அத்தானுக்குத் தொழில், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. வெளியே அவருக்குத் 'தைரிய மாஸ்டர்' என்று பெயர். மற்ற இடங்களில் பயந்து அழுதவர்கள்கூட அவரிடம் வந்தால் சிரித்துக்கொண்டே ஓட்டுவார்கள். "ஸ்டியரிங் கையில இல்ல, மனசுல இருக்கு" என்பார். வீட்டிலும் இதே பிரசங்கம்தான். பால் பொங்கி வழிந்தால்கூட மனசைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் அடுப்பை அணைக்க மாட்டார்.

அவர் மனைவி, என் அக்கா, நர்ஸ். நோயாளிகளை வீடு வீடாகப் போய்க் கவனிக்கும் வேலை ஒன்று அவளுக்குக் கிடைத்தது. வார்டில் நின்றே முழங்கால் தேய்ந்தவளுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் தானே கார் ஓட்டிப் போக வேண்டும், லைசன்ஸ் வாங்கிவிட்டு வந்து சேருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அத்தானே கற்றுக்கொடுத்தார். அவள் கால் பட்டாலே வண்டி நிற்கிறது என்று என்னிடம் ஒரே பெருமை.

அப்படியானால் என் காரிலும் ஓட்டிப் பழகட்டுமே என்று, ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் குடியிருப்பின் பார்க்கிங்கில் சாவியைக் கொடுத்தேன். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுவர் நெருங்கியதும் அக்கா பிரேக்கை லேசாகத் தொட்டாள். வண்டி நிற்கவில்லை. மறுபடியும் அதேபோல் லேசாகத்தான் தொட்டாள். அதற்குள் சுவரில் மோதி முன்விளக்கு உடைந்தது. நல்லவேளை, எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது, வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிடப் போவதாக அக்கா சொன்னாள். "எனக்கு இதெல்லாம் வராதுடி. என் மூளை மழுங்கிப்போச்சு."

"பயந்துட்டே, அவ்வளவுதான். பயம் மனசுல..." என்று ஆரம்பித்த அத்தான் பாதியில் நிறுத்தினார். அவர் தட்டில் போட்டது அப்படியே இருந்தது.

"என்ன அத்தான், பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்றேன்.

"எங்கிட்ட ஓட்டினப்ப அவ ஒரு தடவைகூட பிரேக்கைச் சரியா அழுத்தினதில்ல. நான்தான் அழுத்தினேன்."

பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஆபத்துக்கு மட்டும்தான் அது. இவரோ புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் அதைச் சத்தமில்லாமல் அழுத்திவிட்டு, "பாருங்க, நீங்களே நிறுத்திட்டீங்க" என்று பாராட்டுவாராம். தைரியம் வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகக் காலை எடுத்துவிடுவாராம். அக்காவிடம் மட்டும் எடுக்கவே இல்லை.

"எடுக்க மனசு வரல. அவளுக்கு ஏதாவது ஆயிட்டா என்ன பண்றதுன்னு எனக்குத்தான் பயம்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுறீங்களா? அவ தன்னையே திட்டிக்கிட்டு இருக்கா. காலையிலேர்ந்து கேட்டுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கீங்களே."

"தப்புதான்" என்றார். "சொல்ல வாயெடுத்தேன், வரல. ஊருக்கெல்லாம் தைரியம் சொல்றேன். கட்டினவகிட்ட உண்மையைச் சொல்ல எனக்குத் துப்பில்ல." தலையை நிமிர்த்தாமலே பேசினார். பார்க்கப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

அக்கா தட்டை நகர்த்தி வைத்தாள். "அந்தப் பிரேக்கைக் கழட்டுங்க."

மறுநாள் கழற்றிவிட்டு, ஆளில்லாத மைதானத்துக்குப் போனோம். நான் பின்சீட்டில். அக்கா முதலில் அழுத்திய அழுத்தில் என் மூக்கு முன்சீட்டில் இடித்தது. போகப் போகக் கால் பழகியது. கடைசியில் நட்டு வைத்திருந்த கம்புக்கு முன்னால் வண்டி அழகாக நின்றது. நான் கை தட்டினேன். அக்கா சிரிக்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரேக்கைக் கழற்றிய இடத்தில், அத்தானின் கால் வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"இறங்குங்க" என்றாள். "உங்க கால் என்னை நம்பினதுக்கப்புறம் ஏறிக்கலாம்."

அத்தான் இறங்கிப் போய், அந்தக் கம்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அது இருந்த இடத்தில் நின்றார். அக்கா மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி, அவரைப் பார்த்து மெதுவாக வண்டியைக் கொண்டுவந்தாள். அவர் கால் பின்னால் போகத் துடித்தது எனக்கே தெரிந்தது. ஆனால் அவர் நகரவில்லை. வண்டி நின்றது.