தெலுங்கு தெரியாத மாப்பிள்ளை

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் எந்த ஊரில் கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்றாலும் பொன்னுரங்கத்தின் மைக் செட்டுதான் போகும். இரண்டு குழாய் ஒலிபெருக்கி, ஒரு ஆம்ப்ளிபையர், லாரி பேட்டரி ஒன்று. எல்லாவற்றையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு அவனும் மேலே உட்கார்ந்து போவான். செட்டைவிட அவன் குரலுக்குத்தான் பேர். வல்லக்கோட்டைக் கோயிலில் கிருத்திகைக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்த பெண்கள் நேராக அவனிடம்தான் ஓடி வருவார்கள். பேரையும் சட்டை நிறத்தையும் அவன் சொல்கிற விதத்தில் தொலைந்த பிள்ளையே அழுகையை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கும் என்பார்கள்.

வீட்டில் அவர்கள் தெலுங்கு பேசுகிறவர்கள். எத்தனை தலைமுறைக்கு முன்னால் இந்தப் பக்கம் வந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை. தெருவில் தமிழ், வாசற்படி தாண்டினால் தெலுங்கு. அந்த வட்டாரத்தில் அப்படி நிறைய வீடுகள் இருந்தன. பொன்னுரங்கம் அம்மாவிடம் அடி வாங்கியதும் கதை கேட்டதும் தெலுங்கில்தான். பெண் எடுத்ததும் ஊத்துக்கோட்டைக்கு வடக்கே, தெலுங்கு பேசுகிற ஒரு கிராமத்தில். அந்தப் பெண் ராஜம்மாவுக்குத் தமிழ் சரியாக வராது. கடையில் உப்பு, புளி கேட்கிற அளவுக்குத்தான். அது ஒரு குறையாக யாருக்கும் தோன்றவில்லை, ஆந்திரா தனி மாநிலமாகப் பிரிகிற வரைக்கும்.

பிரிந்தபோது திருத்தணி அந்தப் பக்கம் போய்விட்டது. வருஷா வருஷம் காவடி தூக்கிக்கொண்டு போன மலை திடீரென்று வேறு மாநிலம் என்றதும் ஜனங்களுக்கு மனசு கேட்கவில்லை. ஊருக்கு ஊர் கூட்டம் போட்டார்கள். ஸ்ரீபெரும்புதூரில் முன்னால் நின்றவர் ஜவுளிக்கடை தேவநாதன். காஞ்சிபுரத்துக்காரர், நல்ல மனிதர். எல்லை மீட்புக் குழு என்று ஒன்றைத் தொடங்கி, எந்தக் கூட்டமானாலும் பொன்னுரங்கத்தைத்தான் கூப்பிடுவார்.

ஒரு நாள் பேச்சாளர் வரவேண்டிய பஸ் வரவில்லை. கூட்டம் கலையப் பார்த்தது. தேவநாதன் அவன் தோளைத் தட்டி, "நீயே ரெண்டு வார்த்தை பேசேன் பொன்னுரங்கம்," என்றார்.

சும்மா ஒப்புக்குத்தான் ஆரம்பித்தான். ஆனால் எத்தனையோ பேருக்கு மைக் பிடித்துக் கொடுத்துக் கேட்ட வார்த்தைகள் எல்லாம் அடுக்கடுக்காக வந்தன. கைதட்டல் நிற்கவே இல்லை. யாரோ துண்டு போர்த்தினார்கள். அதற்கப்புறம் அவன் மைக் கட்டுகிறவன் மட்டும் இல்லை. ஒரகடம் பொன்னுரங்கம் பேசுகிறார் என்று நோட்டீசிலேயே அச்சடித்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் கடையில் துணி மடித்துக்கொண்டே தேவநாதன் கேட்டார், "உங்க வூட்டுல தெலுங்கு பேசுவீங்களாமே?"

கடையில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். பொன்னுரங்கத்துக்குக் காது மடல் சுட்டது. "எங்க வூட்டுக்காரி அந்தப் பக்கத்து ஆளு. அதான் அவ மட்டும் பேசிக்கினு இருப்பா," என்றான்.

"அப்படியா," என்றார் அவர். அடுத்த துணியை எடுத்தார். அவ்வளவுதான் பேச்சு.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ராஜம்மாவை உட்காரவைத்துச் சொல்லிவிட்டான், இனிமேல் வீட்டில் தமிழ் மட்டும்தான் என்று. அவள் முதலில் விளையாட்டு என்று நினைத்தாள். பிறகு தெலுங்கிலேயே கேட்டாள், அப்படியென்றால் நான் யாரிடம் பேசுவது என்று.

"என்கிட்டதான். தமிழ்ல பேசு."

அவள் முயன்று பார்த்தாள். "பாலு பொங்கிட்டான்," என்றாள். அவன் திருத்தினான். "மழை வந்தாள்," என்றாள். மறுபடி திருத்தினான். பக்கத்து வீட்டில் சிரிப்பு கேட்டது. கொஞ்ச நாளில் அவள் பேச்சு குறைந்து, சோறு, தண்ணீர், விளக்கு என்கிற அளவில் நின்றது. வாயாடி என்று பேர் வாங்கி வந்த பெண். வீடு அமைதியாகிவிட்டது என்று பொன்னுரங்கம் ஒருவகையில் நிம்மதிகூடப் பட்டான். பின்னாளில் அந்த நிம்மதியை நினைக்கும்போதெல்லாம் அவன் உடம்பு கூசியது.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் கோடையில் ஸ்ரீபெரும்புதூர்த் தேரடியில் பெரிய கூட்டம். பொன்னுரங்கம் பேச ஆரம்பித்துச் சூடு பிடித்த நேரம். அப்போது திருவள்ளூர் பஸ்ஸிலிருந்து ராஜம்மாவின் தம்பி ரகுபதி இறங்கினான். ஒரகடத்துக்கு எப்படிப் போவது என்று விசாரிக்க வாயைத் திறக்கும்போதே குழாயில் அக்கா புருஷனின் குரல் கேட்டது. அலைய வேண்டியதில்லை என்று சந்தோஷப்பட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே மேடைக்கடியில் வந்து நின்றான்.

"பாவா!" என்று கூப்பிட்டான். "பாவா, அம்மகி பாகலேது. அக்கனு பம்பிஞ்சு பாவா."

மாமா, அம்மாவுக்கு முடியவில்லை, அக்காவை அனுப்பு. பொன்னுரங்கத்துக்கு ஒவ்வொரு எழுத்தும் புரிந்தது. ஆனால் முன்வரிசையில் எல்லாரும் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். "யாருய்யா அது தெலுங்குல கூவறது?" என்றது ஒரு குரல். "மேடையில இருக்கிறவரு சொந்தக்காரரு போலக் கீதே," என்றது இன்னொரு குரல்.

பொன்னுரங்கம் மைக்கைப் பிடித்துக்கொண்டான். "இந்த ஆளு இன்னா சொல்றாருன்னு எனக்கு வெளங்கல. தெலுங்கு தெரிஞ்சவங்க யாராவது இருந்தா கேட்டுச் சொல்லுங்கப்பா," என்றான். நாலு குழாயிலும் அது தெளிவாகக் கேட்டது. அன்றைக்குப் பெரிய கூட்டம் என்று இரண்டு குழாய் இரவல் வாங்கிக் கட்டியிருந்தான். கூட்டம் சிரித்தது.

ரகுபதி அவனையே பார்த்தான். கோபம் இல்லை. வழி தவறி வேறு யார் வீட்டுக்குள்ளோ நுழைந்துவிட்டவன் மாதிரி ஒரு விழிப்பு. அப்புறம் மேலே எல்லை மீட்புக் குழு என்று எழுதிக் கட்டியிருந்த துணித் தட்டியைப் பார்த்தான், சிரிக்கிற ஜனங்களைப் பார்த்தான். என்ன நடக்கிறதென்று அவனுக்குப் புரிந்துவிட்டது. கையைக் கூப்பி, தட்டுத் தடுமாறித் தமிழில் சொன்னான்: "மன்னிச்சுடுங்க. ஆளு மாறிப் போச்சு."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவன். சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, பாவா எப்படியும் அக்காவை அனுப்பிவிடுவார் என்று நம்பித்தான் போனான். பொன்னுரங்கம் பேச்சை முடித்தான். எங்கே விட்டோம் என்றுகூடத் தடுமாறவில்லை.

வீட்டுக்குப் போனதும் ராஜம்மாவிடம் சொல்ல வாய் எடுத்தான். சொன்னால் யார் வந்து சொன்னது என்று கேட்பாள். தம்பி எங்கே, சாப்பிட்டானா, ஏன் வீட்டுக்குக் கூட்டி வரவில்லை என்று கேட்பாள். விடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்தான். மறுநாள் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு போனான். அதற்கடுத்த நாளும் ஏதோ வேலை வந்தது. ஒன்றும் இருக்காது, வயசானவர்கள் படுப்பதும் எழுந்திருப்பதும் வழக்கம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

ராஜம்மாவின் ஊர் ஆள் ஒருவர் சாவுச் செய்தியோடு வந்தபோது பொன்னுரங்கம் வாசலில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தான். அவர் ராஜம்மாவிடம் அழுதுகொண்டே தெலுங்கில் கேட்டார்: "ரகுபதி வந்து சொல்லிட்டுப் போனானே, ஏம்மா வரல? உங்கம்மா உன் பேரைச் சொல்லிக்கிட்டே கெடந்தாளே."

ராஜம்மா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கையிலிருந்த ஒயரை விட்டுவிட்டான். அவள் உள்ளே போய் மாற்றுப் புடவை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கருமாதி வரைக்கும் அங்கேயே தங்கினார்கள். பொன்னுரங்கம் அடிக்குத் தயாராகத்தான் போனான். நாலு பேர் சட்டையைப் பிடித்திருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் வாசலிலேயே ரகுபதி, "வாங்க மாமா, உக்காருங்க," என்றான். தமிழில்.

மாமனார் வந்தார். பெண்டாட்டியைப் பறிகொடுத்த கிழவர், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து, "மாப்ளே... தண்ணி... குடிக்கிறியா?" என்றார். கல்யாணத்தன்று இதே மனிதர் இவனோடு விடிய விடியத் தெலுங்கில் கதை பேசியவர். சாப்பாட்டுப் பந்தியில் ஒரு பெண் "பப்பு" என்று வாளியைக் குனிந்து நீட்டினாள். பக்கத்தில் இருந்தவள் அவளை இடித்து, மெதுவாகத் திருத்தினாள்: "மாப்பிள்ளைக்குத் தெலுங்கு தெரியாது. பருப்புன்னு சொல்லு."

யாரும் கிண்டல் செய்யவில்லை. ரகுபதி சொல்லிவைத்திருக்கிறான், ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. விருந்தாளிக்குத் தெரிந்த பாஷையில் பேசுவதுதானே மரியாதை என்பதுபோல, தெரிந்த தமிழை எல்லாம் திரட்டி அவனுக்கு முன்னால் வைத்தார்கள். பொன்னுரங்கம் பாதிச் சோற்றிலேயே கையை எடுத்துவிட்டான். இலையை மூடிவிட்டு எழுந்தான்.

கிணற்றடியில் ரகுபதி தனியாக நின்றபோது போய்த் தெலுங்கில் சொன்னான், நான் செய்தது பெரிய தப்பு என்று.

"பரவால்ல, உடுங்க மாமா," என்றான் ரகுபதி. அதுவும் தமிழில்தான். கை கழுவச் சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தான்.

அடுத்த வருஷம் எல்லை முடிவானது. திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. அதற்கு ஈடாக ஊத்துக்கோட்டைக்கு வடக்கே இருந்த கிராமங்கள் ஆந்திராவுக்குப் போயின. ராஜம்மாவின் ஊரும் அதில் ஒன்று. வெற்றிக் கூட்டத்துக்கு அவன் கிளம்பிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள், "எங்க ஊருக்குப் போவணும்னா இனிமே யாரையாவது கேட்டுக்கினு போவணுமா?"

அவள் தமிழில் இப்போது பிழை இல்லை என்பதை அவன் அப்போதுதான் கவனித்தான். "அதெல்லாம் வேணாம். அதே பஸ்ஸுதான்," என்றான்.

தேரடியில் மைக்கைக் கட்டிவிட்டு, தொண்டை சரியில்லை என்று மேடைக்குக் கீழேயே நின்றுகொண்டான். கூட்டம் முடிந்ததும் தேவநாதனை ஓரமாகக் கூப்பிட்டான். "நானும் தெலுங்கு பேசறவன்தாங்க. எங்க அம்மா பேசின பாஷை அது. அன்னிக்கு உங்ககிட்ட மறைச்சிட்டேன்."

தேவநாதன் சிரித்தார். "தெரியுமே. எங்க கடையில பாதிப் பேரு வூட்டுல தெலுங்குதான். நான் சும்மா பேச்சுக்குக் கேட்டேன். அதையா இத்தனை நாளா மனசுல வெச்சுக்கினு இருந்த?"

பொன்னுரங்கம் தலையைக் குனிந்துகொண்டான். யாரும் கேட்காமலே அவனாகத்தான் அம்மாவின் பாஷையை விட்டுக் கொடுத்திருக்கிறான். யாரையாவது குற்றம் சொல்ல முடிந்திருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து வீட்டில் அவன் தெலுங்கில் பேச ஆரம்பித்தான். ராஜம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள், தமிழில். சண்டை இல்லை, முகம் திருப்புவது இல்லை. காய்ச்சலில் அவன் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தாள், தலை பிடித்துவிட்டாள், பிள்ளைகளை வளர்த்தாள், எல்லாம் தமிழில். ஊரில் ஏதாவது பஞ்சாயத்து என்றால் அவளைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லும் அளவுக்கு அவளுக்குப் பேச்சு வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை தனியாகப் பஸ் ஏறித் தம்பி வீட்டுக்குப் போய்வந்தாள். நானும் வரட்டுமா என்று அவன் கேட்டதில்லை. பேச்சுமேடை ஏறுவதையும் விட்டுவிட்டான். மைக் செட்டைப் பெரிய பையன் எடுத்து நடத்தினான்.

எண்பத்து மூன்றாம் வருஷமோ நாலாம் வருஷமோ, ஒரகடம் ரோடு அகலப்படுத்துகிற வேலைக்கு நெல்லூர்ப் பக்கத்திலிருந்து கூலியாட்கள் வந்து ஏரிக்கரையில் குடிசை போட்டார்கள். பொன்னுரங்கம் வீட்டு எதிரிலிருந்த அடிபம்புக்குத்தான் அந்தப் பெண்கள் தண்ணீருக்கு வருவார்கள். ஒரு நாள் காலையில் அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினான். கதவுக்கு வெளியே தெலுங்கு கேட்டது. அந்தக் கூலிப் பெண்களில் யாரோ என்று நினைத்தான். இல்லை, ராஜம்மா.

கடகடவென்று பேசினாள். அவள் ஊர் ஏரியைப் பற்றி, அதில் ஒரு மழைக்காலத்தில் தம்பியோடு மீன் பிடித்தது பற்றி, அம்மாவிடம் திட்டு வாங்கியது பற்றி. அம்மா திட்டியதை அம்மாவின் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். தண்ணீருக்கு வந்த கூலிப் பெண் பம்பு அடிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். ராஜம்மாவும் சிரித்தாள்.

பொன்னுரங்கத்தின் கை தாழ்ப்பாளில் இருந்தது. தான் வெளியே தலை நீட்டினால் அந்தப் பேச்சு நின்றுவிடும் என்று அவனுக்குத் தெரியும். தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு, செருப்போடு அப்படியே சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தான். புரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை.

வெகுநேரம் கழித்து அவள் குடத்தோடு உள்ளே வந்தாள். அவன் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"இன்னும் கெளம்பலியா?" என்றாள், தமிழில்.

"கெளம்பணும்," என்று சொல்லி எழுந்துகொண்டான்.