கரையில் அசைந்த வெள்ளைச் சேலை

கலியாணமான புதிதில் ஒருநாள், நெடுந்தீவிலிருந்து லோஞ்சுப் படகில் என் கணவருக்கு யாழ்ப்பாணப் பட்டினம் காட்டப் புறப்பட்டேன். அவர் கொழும்பிலே கடை வைத்திருந்த குடும்பம். பட்டினத்தில் ரயிலடியைத் தவிர எதையும் பார்த்ததில்லை. பின்னேரம் கடைசி லோஞ்சில் திரும்பிவிட வேண்டும். "முதல் கோட்டை, பிறகு நல்லூர், பிறகு பெரியகடை" என்று அவருக்குத் திட்டம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான், விட்டுவந்த கரையில் யாரோ வெள்ளைச் சேலையை வீசி ஆட்டுவதைக் கண்டேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வருத்தக்காரர் இருக்கிறார், திரும்பி வாருங்கள் என்று அர்த்தம். தீவில் பிறந்த எனக்கு அது தெரியும்; அவருக்குத் தெரியாது. திரும்பினால் கோட்டை பார்க்க நேரம் கிடைக்காது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நல்லூரைப் பற்றி இன்னும் உரக்கப் பேசினேன்.

நல்லகாலம், லோஞ்சுக்காரர் தானாகவே கண்டு திருப்பினார். காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்த மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏறிய தாய், என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"எங்கை பிள்ளை போறியள்?"

"யாழ்ப்பாணம் பாக்க, அக்கா."

"ஐயோ, எங்களாலை உங்களுக்கு நேரம் சுணங்கிப்போச்சு. குறை நினையாதேங்கோ."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்று கோட்டையும் பார்த்தோம், நல்லூரும் பார்த்தோம். ஒன்றும் தவறவில்லை. "நல்லாத் திட்டம் போட்டிருக்கிறீர்" என்று கணவர் மெச்சினார். அந்தச் சேலையை நான் முதலே கண்டதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.