மூன்றாவது பின்னைப் பிடுங்கியவர்களுக்கு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, வணக்கம். சாப்பிட்டுக் கை கழுவியதும் அட்டையில் உள்ள படத்தைப் பார்த்து, "போட்டோ நல்லா விழுந்திருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இதைப் பையில் போட்டுக்கொள்வீர்கள். வீட்டுக்குப் போனதும் ஆடுகிற கட்டில் காலுக்கு முட்டுக் கொடுப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா? இருந்தாலும் எழுதுகிறேன். எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த ஓராண்டாக நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் கல்யாணப் பந்திகளிலும் ஒரே பேச்சுதான்: "உசிரோட இருந்தப்பவும் பாட விடல, செத்த பிறகும் பாட விடல." பதினாறாம் நாள் காரியத்தில் அண்ணனின் ஆவி வந்து கரண்டை நிறுத்திவிட்டதாம். அண்ணன் பெயரில் நீங்கள் பூசிவைத்திருக்கும் இந்த அழுக்கைத் துடைக்க எனக்குக் கிடைத்திருப்பது இந்தச் சில பக்கங்கள்தான். தங்கை என்ற உரிமையில் துடைக்கிறேன்.

அண்ணன் உறையூரில், எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா துணிக்கடையில் கணக்கு எழுதிக் குடும்பத்தைக் காப்பாற்றினார். நான் பள்ளியில் படிக்கும்போதே அப்பா போய்விட்டார். அண்ணன் காலையில் கல்லூரிக்குப் போய், மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து என்னைப் படிக்கவைத்தார். அந்த நாட்களில் சித்தப்பா எங்கள் தெருப் பக்கமே வரவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். சித்தப்பா என்று நான் சொல்வது அப்பாவின் தம்பியை. நமக்கு இருப்பது ஒரே ஒரு சித்தப்பாதான். அதுவே தாராளம்.

திருவிழா வந்தால் எங்கள் வீட்டு ஜன்னலுக்கு நேராகத்தான் குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவார்கள். அந்த ஜன்னலடியில் உட்கார்ந்துதான் அண்ணன் பரீட்சைக்குப் படிப்பார். இடது காது மந்தமானது அப்போதுதான். கொஞ்சம் திருப்பிக் கட்டுங்கள் என்று போய்க் கேட்டதற்கு, "சாமி பாட்டு கேட்டா காது போயிருமாக்கும்?" என்று சிரித்து அனுப்பினார்கள். போய்விட்டது. சாமி பாட்டா சினிமாப் பாட்டா என்று பார்த்தா காது கெடுகிறது? அதற்குச் சத்தம் சத்தம்தான். அண்ணன் தன் வாழ்நாள் முழுவதும் வலது காதைத் திருப்பித்தான் நம்மோடு பேசினார். அதையும் நீங்கள் தலைக்கனம் என்றீர்கள்.

திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், கணக்குப் பிரிவில் வேலை கிடைத்தது. அண்ணியைக் கைப்பிடித்து, ஸ்ரீரங்கத்தில் குடியேறினார். பிள்ளைகள் இல்லை. அந்தக் குறையை அண்ணனும் அண்ணியும் பேசியதைவிட நீங்கள்தான் அதிகம் பேசினீர்கள். அண்ணன் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது ஒன்றே ஒன்று: ஓர் ஆம்ப்ளிஃபையர், இரண்டு ஸ்பீக்கர், ஒரு டேப் டெக், ஒரு மைக் அடங்கிய செட். நாமெல்லாம் பெட்டியைத் திறந்தால் தெர்மாகோலைப் பத்திரமாகப் பரண்மேல் ஏற்றிவிட்டு, கூட வந்த கையேட்டைக் குப்பையில் போடுவோம். அண்ணன் தெர்மாகோலைக் குப்பையில் போட்டுவிட்டுக் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான்.

சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி ஸ்டாண்டை வைத்தார். பின்பக்கம் காற்றுப் போக வேண்டுமாம். நம் குடும்பத்துப் பெண்களுக்குத் தட்டையாக எதைக் கண்டாலும் அதன்மேல் பூப்போட்ட துணி விரித்துத் தலையாட்டிப் பொம்மை வைத்தால்தான் தூக்கம் வரும். அண்ணியும் வைத்தார். நான் போயிருந்த அன்று அந்தச் சண்டை நடந்தது.

"என்னங்க, துணி போட்டா தூசி உள்ள போகாதுல்ல?"

"தூசி போனா காஞ்ச பிரஷ்ஷால தட்டிக்கலாம். சூடு வெளிய போகலேன்னா உள்ள எல்லாம் வெந்துரும். இட்லிப் பானைய மூடுற மாதிரி மூடி வெச்சிருக்கியே!"

அண்ணி முணுமுணுத்துக்கொண்டே துணியை மடித்தார். இப்படித்தான் எல்லாவற்றுக்கும். செட்டைப் போடும் முன் சத்தத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகே சுவிட்சைத் தட்டுவார். வயரைப் பாய்க்கு அடியில் விட மாட்டார். நடந்து நடந்து மேல்தோல் கிழிந்துவிடும் என்பார். இடி இடித்தால் பிளக்கையே பிடுங்கிவிடுவார். ஈரக் கையோடு செட் பக்கம் போனால் அண்ணிக்கும் திட்டு, எனக்கும் திட்டு. பிறகு ஸ்ரீரங்கத்திலேயே சொந்த வீடு வாங்கினார். அதன் புதுமனை புகுவிழா அன்று சித்தப்பா நேராகப் போய்ச் சத்தத்தைக் கடைசி வரை திருகினார். அண்ணன் ஓடிவந்து தடுத்தபோது சித்தப்பா கேட்ட கேள்வியை நம் குடும்பமே மெச்சிச் சிரித்தது: "முழுசா வைக்கக் கூடாதுன்னா, அப்புறம் அது எதுக்குய்யா அம்புட்டு தூரம் திரும்புது?" சிரித்து முடிப்பதற்குள் ஒரு ஸ்பீக்கர் கரகரத்துக் கருகிப் போனது. மறுநாள் அண்ணன் அதைத் துணியில் சுற்றி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் கொடுத்துச் சரிசெய்து வந்தார். அன்றிலிருந்து விருந்தாளி யாரையும் செட்டையோ மைக்கையோ தொட விடவில்லை. பாட விடவில்லை என்று நீங்கள் மூக்கைச் சிந்துவது இதைத்தான்.

அதே வீட்டில் அண்ணன் செய்த இன்னொரு வேலை, மெயின் போர்டில் ஒரு டிரிப் சுவிட்ச் போட்டது. கரண்ட் போக வேண்டிய வழியில் போகாமல், ஈரச் சுவர் வழியாகவோ ஆள் உடம்பு வழியாகவோ தரைக்குக் கசிந்தால், அந்த நொடியே வீடு முழுவதும் கரண்டை நிறுத்திவிடும் சுவிட்ச் அது. ஒருமுறை பழைய கிரைண்டர் கசிந்து அது விழுந்தது. "மாவு பாதி அரைபட்டுக் கெடக்கு, இந்த எழவு சுவிட்ச் வேற!" என்று அண்ணி கத்தினார். "மாவு போனாப் போகுது, உன் கை இருக்கட்டும்" என்றார் அண்ணன். மனைவியிடம் அவர் பேசிய அன்பு வார்த்தைகள் எல்லாம் ஏறக்குறைய இந்த மாதிரிதான் இருக்கும்.

இதய நோய் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாள், வெளியே மழை இருட்டியது. அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "வானம் இருட்டிக்கிட்டு வருது. பிளக்கப் புடுங்கிட்டியா?" என்றார். "புடுங்கிட்டேங்க" என்றார் அண்ணி. அதற்குப் பிறகு அண்ணன் பேசவில்லை. துக்கம் விசாரிக்க வந்த இடத்திலேயே, "சாமி பேரச் சொல்லாம பிளக்கு பேரச் சொல்லிட்டுப் போயிட்டாரே" என்று வாயைப் பொத்திச் சிரித்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். தனியாக இருக்கப் போகிற மனைவிக்கு ஓர் ஆபத்தும் வந்துவிடக் கூடாதே என்று அந்த மனிதர் தவித்தார். உங்கள் காதில் பிளக்கு மட்டும்தான் விழுந்தது.

இனிப் பதினாறாம் நாளுக்கு வருகிறேன். முதல் நாள் மாலையே சித்தப்பா வந்து இறங்கி ஏற்பாடுகளைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். அண்ணனின் செட்டை ஸ்டாண்டோடு கூடத்தின் நடுவில் இழுத்துப்போட்டார். உயரம் சரியாக இருக்கிறதாம். எனவே ஆம்ப்ளிஃபையர் தலையில் அண்ணனின் படம், படத்துக்கு முன்னால் விளக்கு, விளக்குக்குப் பக்கத்தில் செம்பு நிறையத் தண்ணீர். வாழ்நாள் முழுவதும் ஒரு துணியைக்கூட மேலே போட விடாத மனிதருக்கு நாம் செய்த மரியாதை! கூடத்தின் நடுவிலிருந்து சுவர் பிளக்குக்கு வயர் எட்டவில்லை. சித்தப்பா தன் வீட்டிலிருந்து இரண்டு ஓட்டை மட்டும் உள்ள பழைய ஜங்ஷன் பாக்ஸைக் கொண்டுவந்தார். செட்டின் பிளக்கில் பின் மூன்று. தடித்த மூன்றாவது பின் இடித்தது. குறடை எடுத்தார், பிடுங்கினார், வேலை முடிந்தது. அப்போது அண்ணி உள் அறையில் படுத்திருந்தார். நான் திருவானைக்காவலில் என் வீட்டில் இருந்தேன்.

மறுநாள் காவிரிக் கரை அம்மா மண்டபத்தில் காரியம் முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தோம். கழுவிவிட்ட தரை இன்னும் காயவில்லை. சித்தப்பா காவிரியில் முங்கிய ஈர வேட்டியோடு, வெறுங்காலோடு வந்து நின்று, இரும்பு மைக்கைக் கையில் பிடித்துப் பதிகம் பாடத் தொடங்கினார். செட் கீச்சிட்டது. சத்தத்தைக் குறைப்பதற்குப் பதில் கூட்டினார். உணர்ச்சி பொங்கிக் கையை வீசியதில் செம்பு சாய்ந்து, தண்ணீர் முழுவதும் ஆம்ப்ளிஃபையரின் மேல்மூடித் துளைகள் வழியாக உள்ளே இறங்கியது. "ஒண்ணும் ஆகாது" என்று மைக்கிலேயே அறிவித்துவிட்டு அடுத்த அடியை எடுத்தார். "ஆ" என்று அலறி மைக்கை உதறினார். அதே நொடியில் வீடு முழுவதும் கரண்ட் போனது.

"சுருக்குன்னு இழுத்துச்சு" என்றார், கையை உதறிக்கொண்டே. இதை அங்கிருந்த அத்தனை பேரும் கேட்டீர்கள். இப்போது ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

அவருடைய மாப்பிள்ளை, எஞ்சினியரிங் முடித்தவர், போய்ச் சுவிட்சைத் தூக்கினார். விழுந்தது. மறுபடி தூக்கினார். மறுபடி விழுந்தது. படித்த படிப்புக்கு அவர் கண்டுபிடித்தது: "சுவிட்ச்தான் மாமா கோளாறு. இதக் கழட்டிட்டு டைரக்டா குடுத்துரலாம்."

"குடுங்க மாப்ள. பதிகம் பாதியில நிக்கக் கூடாது" என்று சித்தப்பா ஈரத் தரையில் கிடந்த மைக்கை எடுத்துத் தயாராக நின்றார்.

காரியத்தன்று கணவனை இழந்தவள் மூலையை விட்டு எழுந்து வரக் கூடாது என்பது நீங்கள் போட்டுவைத்திருக்கும் சட்டம். அண்ணி எழுந்து வந்தார். மாப்பிள்ளைக்கும் மெயின் போர்டுக்கும் நடுவில் போய் நின்றார்.

"இதுல யாரும் கை வைக்காதீங்க."

"நீ உள்ள போம்மா. காரியத்துல குறுக்க வராத" என்றார் சித்தப்பா.

"அவரும் இல்ல, இதுவும் இல்லேன்னா நான் இந்த வீட்டுல யார நம்பி மாமா இருக்கிறது? மொதல்ல அந்தப் பிளக்கப் புடுங்குங்க."

ஒருவரும் அசையவில்லை. அண்ணி முந்தானையில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, தானே போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். திரும்பி வந்து சுவிட்சைத் தூக்கினார். நின்றது. மின்விசிறி சுழன்றது. அண்ணி பிளக்கைத் திருப்பிப் பார்த்து, "இதுல ஒண்ணக் காணமே" என்றார்.

"அது சும்மா அழகுக்குத்தானேம்மா. நான்தான் குறடு வெச்சுப் புடுங்குனேன்" என்றார் சித்தப்பா, ஏதோ சாதித்துவிட்டவர் மாதிரி.

அழகுக்கு! உள்ளே கோளாறாகிச் செட்டின் இரும்பு உடம்பில் கரண்ட் ஏறினால், அதை மண்ணுக்குக் கொண்டுபோய் இறக்குவதற்குத்தான் அந்த மூன்றாவது பின். அதைப் பிடுங்கிவிட்டதால், கரண்ட் மைக் வழியாக ஏறி, ஈர வேட்டியோடு நின்றவரின் உடம்பு வழியாகத் தரைக்குப் போனது. டிரிப் சுவிட்ச் விழுந்ததால் சுருக்கென்று இழுத்ததோடு விட்டது. விழாமல் இருந்திருந்தால் அன்றைய தினம் அந்த வீட்டிலிருந்து இன்னொரு பிணம் போயிருக்கும். மாப்பிள்ளை டைரக்டாகக் கொடுத்திருந்தாலும் அதேதான். ஆவி என்கிறீர்களே, ஆவி ஒன்றும் வரவில்லை. உயிரோடு இருந்தபோது அவர் செய்துவைத்த வேலைதான் வந்தது.

அப்புறம் சித்தப்பா மைக் இல்லாமல் பாடி முடித்தார். அவருக்குச் சுருதி சேராது என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது.

செட்டை நன்றாகக் காயவைத்துப் பழுது பார்த்து, புதுப் பிளக் மாட்டியாகிவிட்டது, மூன்று பின்னோடு. அண்ணி காலையில் தலை துவட்டி, கை துடைத்து, சத்தத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பிறகுதான் சுவிட்சைத் தட்டுகிறார். பக்கத்து அறையில் பேசுகிற பேச்சு கேட்கும் அளவுக்குத்தான் வைக்கிறார். நீங்களும் வீட்டுக்குப் போய் டிவிக்குப் பின்னாலும் ஸ்பீக்கருக்குப் பின்னாலும் எட்டிப் பாருங்கள் என்று சொல்ல ஆசைதான். பார்க்க மாட்டீர்கள்.

உதவியவர்களுக்கு நன்றி சொல்லி முடிக்க வேண்டும். கடைசிவரை உடனிருந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், துக்க நாட்களில் எங்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்த மாடி வீட்டுக்காரர்களுக்கும், அண்ணனோடு வேலை பார்த்த நண்பர்களுக்கும் எங்கள் நன்றி. கணவர் போன பதினாறாம் நாள் மூலையை விட்டு எழுந்து வந்த அண்ணிக்கு என் வணக்கம். சித்தப்பா இந்த நினைவு நாளுக்கும் வந்திருப்பார். முன்வரிசையில் உட்கார்ந்து, பாயசத்தை இன்னொரு முறை கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, செத்த பிறகும் பாட விடவில்லை என்ற கதையைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் சொல்லாத நன்றியையும் சேர்த்து நானே அண்ணனுக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

அண்ணே, சித்தப்பா நல்லா இருக்காரு. உங்களத்தான் திட்டிக்கிட்டு இருக்காரு.

அன்புத் தங்கை,
திருவானைக்காவல்