ஆடி மாதத்தில் கல்யாணத்துக்குப் போனவர்

ஆடி மாதம் நடுவில், ஒரு புதன்கிழமை காலை. இஸ்திரி போட்ட முழுக்கை சட்டை, பளபளக்கும் ஷூ, கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் சகிதம் ஒருவர் லிஃப்ட்டில் நிற்கிறார். "எங்க பாபு, இன்னிக்கு ஆபீஸ் இல்லையா?" என்று கேட்டால், "லீவுக்கா... ஒரு கல்யாணம்" என்கிறார்.

ஆடியில் கல்யாணமா?

எங்கள் மாடம்பாக்கம் அபார்ட்மென்ட்டில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் பாபுதான் அந்த அப்பாவி. மாப்பிள்ளை யார், பெண் யார், இந்த மாதத்தில் முகூர்த்தம் குறித்துக் கொடுத்த அந்த மகா ஜோசியர் யார் என்றெல்லாம் நான் விசாரிப்பதற்குள் லிஃப்ட் கதவு திறந்துவிட்டது. மனிதர் ஓட்டமும் நடையுமாக வெளியேறிவிட்டார்.

நான் இருபது வருடத்துக்கும் மேலாக ஹெச்.ஆர். வேலை பார்த்துத் தலை நரைத்தவள். வாரத்தின் நடுவில் லீவு, ஷூவுக்குப் பாலிஷ், முகத்தில் பரீட்சைக்குப் போகும் பையனின் களை... இன்டர்வியூவுக்குக் கிளம்பும் ஆளைத் தெருமுனையிலேயே கண்டுபிடித்துவிடுவேன். என்னிடமா கல்யாணக் கதை?

பாபுவுக்கு வேலை கும்மிடிப்பூண்டி பக்கம். ஊரின் இந்தக் கோடியில் வீடு, அந்தக் கோடியில் ஆபீஸ். விடிவதற்குள் தாம்பரத்தில் ட்ரெயின் ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, ரோட்டைக் கடந்து, சென்ட்ரலில் இன்னொரு ட்ரெயின் பிடிக்க வேண்டும். திரும்பி வருவதும் அப்படியே. ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் யாழினி, அவர் கிளம்பும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள், வரும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். அந்தக் குழந்தைக்கு அப்பா என்பவர் ஞாயிற்றுக்கிழமை வருகிற விருந்தாளி மாதிரி. வீட்டுப் பக்கமாக ஒரு வேலை கிடைத்தால் போதும் என்று மனிதர் ஒரு வருடமாகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கே இது பிறகுதான் தெரியும்.

ஏன் தெரியாது? பாபுவின் மனைவி கவிதா போட்ட சட்டம் அப்படி. "முடியற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. கண்ணு பட்டுடும்."

சிரிக்காதீர்கள். நீங்களும் நானும் இதைத்தானே செய்கிறோம்? நிலம் பார்க்கிறோமா — பத்திரம் பதியும்வரை மூச்சு விட மாட்டோம். விசாவா — விமானம் ஏறிய பிறகுதான் மாமாவுக்கே போன். வேலை தேடுவதும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. நிலத்தையாவது ஒளித்து வாங்கலாம். வேலையை எப்படி ஒளிந்துகொண்டு தேடுவது? நீங்கள் தேடுவது தெரிந்தால்தானே ஒருவர், "எங்க ஆபீஸ்ல ஒரு இடம் காலியா இருக்கே" என்று சொல்ல முடியும்?

இன்னொரு விசித்திரமும் உண்டு. எங்கள் பிளாக்கில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று எல்லோருக்கும் தெரியும். யாருக்கு எவ்வளவு சுகர், யார் மாமியாரோடு பேசுவதில்லை... எல்லாம் அத்துப்படி. "அவர் என்ன வேலை பார்க்கறார்?" என்று கேளுங்கள். "ஏதோ கம்பெனியில இருக்கார்." அவ்வளவுதான்! பத்து வருடப் பழக்கத்தில் நாம் சேகரித்த தகவல் அது.

இந்த 'ஏதோ கம்பெனி'யால் என்ன ஆனது என்று சொல்கிறேன்.

கிரவுண்ட் ஃப்ளோரில் ஜெபராஜ் சார் என்று ஒருவர். அவரும் 'ஏதோ கம்பெனி'தான். கறாரான ஆள், அசோசியேஷன் செக்ரட்டரி வேறு. கோடையிலிருந்து எங்களுக்குத் தண்ணீர் லாரிதான் கதி. லாரி காலை ஏழரைக்கு வரட்டும் என்று அவர் முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் பாபு எழுந்தார்.

"அந்த நேரத்துல தெரு முழுக்க ஸ்கூல் வேன் சார். லாரி உள்ளேயும் வராது, வெளியேயும் போகாது. ஆறு மணிக்கு வரச் சொல்லுங்க."

"லாரியைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும் பாபு?" என்றார் ஜெபராஜ் சார்.

பாபு முகம் சிவந்து உட்கார்ந்துவிட்டார். லாரிகளை எங்கே, எப்போது, எப்படி அனுப்புவது என்பதுதான் அவருடைய வேலையே! எழுந்து நின்று அதைச் சொல்ல வேண்டியதுதானே? சொல்லவில்லை. சொன்னால் 'எந்த கம்பெனி, எப்படி இருக்கு, வேற எதுவும் பார்க்கலையா' என்று பேச்சு வளருமாம். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. லாரி ஏழரைக்கு வந்து, தினமும் வேன்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

அந்த வாரமே சனிக்கிழமை காலை என் வீட்டு பெல் அடித்தது. வாசலில் பாபு. மேலே முழுக்கை சட்டை, டை. நெற்றியில் விபூதி. கீழே... அரை டிராயர். பக்கத்தில் லேப்டாப்பை ஏந்தியபடி கவிதா.

"அக்கா, ஒரு ஆபீஸ் மீட்டிங். வீட்ல எங்க அண்ணன் ஃபேமிலி திடீர்னு வந்துட்டாங்க. கோயில்ல கூழ் ஊத்தறாங்க இல்ல, அதுக்கு. ஒரு மணி நேரம் உங்க ரூம் கிடைக்குமா?" என்றாள் கவிதா.

"ஆபீஸ் மீட்டிங்குக்கு விபூதியா?" என்றேன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உள்ள வாங்க. பேன்ட் போட்டுட்டு உட்கார்ந்தா தைரியமா இருக்கும் பாபு" என்றேன். நேரமில்லையாம். இது இருபது வருட அனுபவத்தில் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்: வீடியோ இன்டர்வியூவில் பேன்ட் கேமராவுக்காக அல்ல. எந்த நேரம் எழுந்து ஓட வேண்டியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். முதலில் ஒரு ஹெச்.ஆர். பெண் பேசினாள். நெட் திணறியதால் "வீடியோவை ஆஃப் பண்ணிடுங்க, குரல் உடையுது" என்றாளாம். பிறகு, மேலதிகாரி ஒருவர் இணைந்தார், அவரும் வீடியோ இல்லாமல். நான் சமையலறையில் வெங்காயம் நறுக்குவது போல் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தேன். பாபு இங்கிலீஷில் பொளந்து கட்டினார். அது பாபுவின் குரல் என்றே எனக்குத் தெரியவில்லை. நம்மில் நிறையப் பேருக்கு ஆபீஸ் இங்கிலீஷ் பேசும்போது வேறொரு குரல் வந்துவிடுகிறது, கவனித்திருக்கிறீர்களா? தொண்டையில் ஒரு மானேஜர் ஏறி உட்கார்ந்துகொள்கிறார்.

கவிதா கண்ணை மூடிக்கொண்டு என் ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்றாள். "இது கிடைச்சா அரை மணி நேரத்துல வீட்டுக்கு வந்துடலாம்க்கா. வண்டலூர் தாண்டினா கம்பெனி" என்று கிசுகிசுத்தாள்.

சரியாக அந்த நேரம் பார்த்து... கரன்ட் போயிற்று!

எங்கள் பிளாக் முழுவதற்கும் ஒரே கேபிள்காரரின் இன்டர்நெட். அதன் பெட்டி கீழே மீட்டர் போர்டு பக்கத்தில். கரன்ட் போனால் எல்லார் வீட்டு நெட்டும் காலி. போனில் நெட் போட்டிருக்கலாமே என்பீர்கள். எங்கள் பிளாக்கில் சிக்னல் வேண்டும் என்றால் மொட்டை மாடிக்குப் போக வேண்டும். அதுவும் அந்தப் படபடப்பில் யாருக்குத் தோன்றும்? கரன்ட் போனால் நம் ஊரில் என்ன செய்வோம்? நம் வீட்டில் மட்டும்தானா, எல்லார் வீட்டிலுமா என்று பார்க்க மீட்டர் போர்டுக்கு ஓடுவோம். பாபு ஓடினார். பின்னால் கவிதா, அவள் பின்னால் நான்.

மீட்டர் போர்டு முன்னால் ஏற்கெனவே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஜெபராஜ் சார். மேலே முழுக்கை சட்டை, கழுத்தில் ஹெட்போன். கீழே கட்டம் போட்ட கைலி.

வாட்ச்மேன் ஏழுமலை டார்ச்சைத் தூக்கி இரண்டு பேரையும் மேலிருந்து கீழே பார்த்தார். "இன்னா சார் இது, மேல ஆபீஸு, கீழ வூடு! ரெண்டு பேரும் சொல்லி வெச்சுகினு வந்தா மாதிரி கீதே!"

யாரும் சிரிக்கவில்லை. பாபுவோடுதான் பேச்சு இல்லையே... ஜெபராஜ் சார் என்னைப் பார்த்துப் புலம்பினார். "பேஜாரா இருக்கு மேடம். மாசக்கணக்கா ஒரு போஸ்ட்டுக்கு ஆள் தேடறேன். வர்றவன் எல்லாம் உளறிட்டுப் போறான். இன்னிக்குத்தான் ஒருத்தர், முத்துக்குமாரசாமின்னு, அருமையா பேசிட்டு இருந்தார். நெல்லூர்ல லாரி பிரேக்டவுன் ஆயிடுச்சு, இங்க ஃபேக்டரியில ரெண்டு மணி நேரத்துக்குத்தான் சரக்கு இருக்கு, என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். அவர் பதில் சொல்லும்போது கரன்ட் போச்சு!"

கவிதாவின் கை என் கையை இறுக்கியது. பாபு, போர்டைப் பார்த்தபடியே, மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"முதல்ல டிரைவருக்கு போன் பண்ணுவேன் சார். எப்ப வரும்னு கேட்க மாட்டேன், அது அவருக்கே தெரியாது. எந்த இடத்துல நிக்கறார்னு கேட்பேன். அந்த ரூட்ல காலியா திரும்பற வண்டி எது இருக்கோ, அதுல பாதி சரக்கையாவது ஏத்தி அனுப்பிடுவேன். மொத்தமும் வரணும்னு உட்கார்ந்தா ஃபேக்டரி லைன் நின்னுடும். பாதி வந்துட்டா, மீதி வர்ற வரைக்கும் சமாளிச்சுக்கலாம்."

ஏழுமலையின் டார்ச் வெளிச்சம் பாபு முகத்துக்குத் திரும்பியது.

"நீங்க... முத்துக்குமாரசாமியா?" என்றார் ஜெபராஜ் சார்.

"சர்டிஃபிகேட்ல அப்படித்தான் சார். வீட்ல, தெருவுல எல்லாம் பாபு."

"போன ஞாயித்துக்கிழமை, லாரியைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்னு கேட்டேன் இல்ல?"

"ஆமா சார்."

ஜெபராஜ் சார் கைலியைச் சரி செய்துகொண்டார். "தெரிஞ்சிருக்கு" என்றார்.

அவ்வளவுதான், நான் வெடித்துச் சிரித்துவிட்டேன். கவிதா சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். கடைசியில் ஜெபராஜ் சாரே மீட்டர் போர்டைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். ஏழுமலைக்கு மட்டும் எதுவும் புரியவில்லை.

ஆனால் மனிதர் கறார் ஆசாமி என்று சொன்னேனே... சிரிப்பு அடங்கியதும் நிமிர்ந்தார். "பாபு, இனிமே நான் உங்களை இன்டர்வியூ பண்றது முறையில்ல. பக்கத்து வீட்டுக்காரர்னு கம்பெனியில சொல்லிடறேன். புனே ஆபீஸ்லேர்ந்து வேற ஒருத்தர் முதல்லேர்ந்து எடுப்பார். நான் ஒரு வார்த்தை சிபாரிசு பண்ண மாட்டேன்."

பாபு முகம் தொங்கிவிட்டது. கைக்கு எட்டியது மறுபடி எட்டாமல் போய்விட்டதே! எனக்கும் கோபம்தான். ஆனால் மாடிப்படி ஏறும்போது யோசித்தேன். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அப்படி ஒரு ஆளின் கீழ் வேலை பார்ப்பது நல்லதுதான்.

ரகசியம் உடைந்துவிட்டதா... இனி என்ன? அடுத்த வாரம் முழுவதும் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான் பயிற்சிக் கூடம். ரெஸ்யூமே வாங்கிப் பார்த்தேன். முதல் வரியிலேயே 'கடின உழைப்பாளி, நேர்மையானவர், கற்கும் ஆர்வம் உள்ளவர்'. இதைத்தான் எல்லோரும் போடுகிறார்கள் பாபு, அடித்துவிடுங்கள் என்றேன். மீட்டர் போர்டில் நீங்கள் சொன்னீர்களே, அந்த மாதிரி நிஜமாகச் செய்த நாலு காரியத்தை எழுதுங்கள் என்றேன். இரண்டாவது மாடி மாமி வந்து மிரட்டும் அதிகாரியாக நடித்துக் கேள்வி கேட்டார். அவர் கேட்ட ஒரே கேள்வி, "சம்பளம் போதுமா, இல்ல வேற எங்கயாவது ஓடிடுவியா?" உண்மையில் எல்லா இன்டர்வியூவும் சுற்றிச் சுற்றி அந்தக் கேள்விக்குத்தான் வருகிறது. மாமி நேராகக் கேட்டுவிட்டார்.

புனேக்காரர் சல்லடை போட்டு சலித்தார். இந்த முறை பாபு பேன்ட் போட்டிருந்தார். பிறகு காத்திருப்பு. போன் அடித்தால் கவிதாவுக்குத் தூக்கிவாரிப்போடும், அது கேஸ் சிலிண்டர்காரராக இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்றாவது மாடியிலிருந்து ஒரு அலறல். பல்லி விழுந்துவிட்டதோ என்று ஓடினேன். ஆஃபர் வந்திருந்தது!

ஆகவே அன்பர்களே... வேலை தேடுகிறீர்களா? உங்கள் மானேஜரிடம் மட்டும் சொல்லாதீர்கள், மற்றவர்களிடம் சொல்லுங்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை, பக்கத்து வீட்டு மாமிக்குப் புரிகிற மாதிரி ஒரே வரியில் சொல்லப் பழகுங்கள். கண் பட்டால் பூசணிக்காய் சுற்றிக்கொள்ளலாம், மாடம்பாக்கத்தில் நல்ல பூசணிக்காய் கிடைக்கிறது. தண்ணீர் லாரிகூட இப்போது எங்கள் தெருவுக்கு ஆறு மணிக்கு வருகிறது.

பழைய கம்பெனியில் நோட்டீஸ் பீரியட் என்று இழுத்தடித்து, ஒருவழியாக விட்டார்கள். போன திங்கட்கிழமை பாபு புது வேலையில் சேர்ந்தார். சாயங்காலம் வெயில்கூட முழுதாக இறங்கவில்லை, பைக் உள்ளே நுழைகிறது. கீழே சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த யாழினி, சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். அப்பாவைக் குனியச் சொல்லி, நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"ஏம்பா சீக்கிரம் வந்துட்ட? உடம்பு சரியில்லையா?"

பாபு அவளைத் தூக்கிக்கொண்டார். "இல்லடா கண்ணு. இன்னிக்குத்தான் சரியாச்சு."