நாலு காசு கனத்தில் ஓர் உறை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் துப்பாக்கி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது மாமாவின் இடுப்பில் தொங்கியது. மாமா, அப்பாவின் தங்கையைக் கட்டியவர்; மேல் கேட்டில் தோட்டத்துக் காவலர். காலையில் ஆபீஸ் அலமாரியிலிருந்து கையெழுத்துப் போட்டு எடுப்பார், மாலையில் திரும்ப ஒப்படைப்பார். நானறிய அது ஒரு காட்டுப் பன்றியைக்கூடச் சுட்டதில்லை. கேமரன் மலைச் சாரலில் நனைவதும் துடைக்கப்படுவதுமே அதன் உத்தியோகம்.

எனக்கு ஒன்பது வயதானபோது அதன் பழைய உறை பூசணம் பிடித்துத் தையல் விட்டுப் போனது. புதிது தைத்துக் கொடுக்கும் வேலையை ஆபீஸ் கணக்கரான கிராணி அப்பாவின் தலையில் கட்டினார். அப்பா தொழிற்சாலையில் இயந்திர பெல்ட்டுகளைப் பார்த்துக்கொள்பவர். அவர் தைத்த பெல்ட் அறுந்ததே இல்லை என்று துரையே சொன்னதாக எங்கள் வீட்டில் ஒரு பெருமை உண்டு. அதை நான் பள்ளிக்கூடத்தில் சொல்லாத ஆளில்லை.

அப்பா மூன்று தோல் துண்டுகளை மேசையில் பரப்பினார். முதலாவது மெல்லியது. நனைந்தால் துவண்டுவிடும், துப்பாக்கியைச் செருகும்போது மடிந்த தோல் விசையில் மாட்டினால் தொடை போய்விடும் என்று ஒதுக்கினார். இரண்டாவது, இரண்டு இருபது காசு நாணயங்களை அடுக்கினால் வரும் கனம். விறைப்பாக நிற்கும், ஆனால் கைக்கு வழிவிடும். உறைக்கு அதுதான் அளவு. மூன்றாவது பழைய பெல்ட்டிலிருந்து வெட்டியது, நாலு காசு கனம். மாட்டின் மேல் இருந்தபோதே இது வளைந்திருக்காது என்று சிரித்தார். இரண்டாவதில் பென்சிலால் கோடும் போட்டுவிட்டார்.

அப்போது அத்தை இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. காய்ச்சலில் படுத்தவளிடம், "ஞாயித்துக்கெழம லீவு, தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று மாமா சொல்லியிருந்தார். அத்தை வெள்ளிக்கிழமையே போய்விட்டாள். யாரும் மாமாவைக் குறை சொல்லவில்லை. அவரே தன்னைச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அதையும் நிறுத்திவிட்டார்.

அப்பா கோடு போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள்.

"அண்ணன் மொகமே சரியில்லைங்க. நானும் அவளோட போயிருக்கணும்னு நேத்து சொல்றாரு. நாள் பூரா தனியா, இடுப்புல அத வேற வச்சுக்கிட்டு... எனக்குப் பயமா இருக்கு."

"கிராணிக்கிட்ட சொல்லிப் பாத்தேன்லா. துப்பாக்கிய வாங்கிட்டா வேலையும் போயிரும், தோட்டம் குடுத்த லயத்து வீடும் போயிரும்கிறாரு. அப்புறம் எங்க போயி உக்காருவாரு?"

அம்மா திருடர்களுக்குப் பயப்படுகிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். அப்பா பென்சிலைக் கீழே வைத்தார். கோடு போட்ட தோலைச் சுருட்டி அப்பால் வைத்துவிட்டு, பெல்ட் தோலை இழுத்துக்கொண்டார்.

உறையின் வடிவத்துக்காக அவர் துப்பாக்கியை அளவெடுத்து மரத்தில் ஒன்று செதுக்கியிருந்தார். இப்போது அந்த மரத்தைச் சுற்றிலும் அரம் வைத்துத் தேய்த்து மெலிதாக்கினார். "அளவு கொறையுதேப்பா" என்றேன். "கொறையட்டும்" என்றார். ஊறவைத்த தோலை அதன் மேல் இறுக்கிக் கட்டித் தைத்து, தொழிற்சாலையில் தேயிலை உலரும் இடத்தில் இரண்டு நாள் காயவைத்தார். எடுத்துத் தட்டியபோது பலகையைத் தட்டியதுபோல் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் துப்பாக்கியைத் திணித்துப் பார்த்தார்கள். போனது, திரும்பி வரவில்லை. ஒருவர் அடியைப் பிடித்துக்கொள்ள, மாமா இரண்டு கையாலும் இழுத்த பிறகே வெளியே வந்தது.

"திருடன் வந்தா, செத்த உக்காரு, டீ குடி, இத எடுத்துக்கிறேன்னு சொல்லணும்லா!" என்றார் ஒருவர். களமே சிரித்தது. கிராணியும் சிரித்துவிட்டு, இங்கே யார் சுடப்போகிறார்கள், தொங்கினால் போதும் என்று போய்விட்டார். அப்பாவும் அசடு வழியச் சிரித்தார். எனக்கு மானம் போயிற்று. தெரியாத வேலையை ஏன் ஒத்துக்கொண்டார் என்று அவர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அத்தை போன பிறகு மாமாவுக்கு எங்கள் வீட்டுச் சோறுதான். சனிக்கிழமைகளில் நான் கொண்டுபோவேன். அப்படி ஒரு சனிக்கிழமை, பட்டப்பகலிலேயே மூடுபனி இறங்கியிருந்தது. காவல் குடிலில் மாமா பெஞ்சில் உட்கார்ந்து, உறையைக் கழற்றித் தொடையிடுக்கில் வைத்துத் துப்பாக்கியை இழுத்துக்கொண்டிருந்தார். மலை ஈரத்தில் தோல் உப்பி இன்னும் இறுகியிருக்க வேண்டும். அவர் சட்டையெல்லாம் வேர்வை. கைக்கடிகாரமும் வீட்டுச் சாவியும் நோட்டுப் புத்தகத்தின் மேல் எடுத்து வைக்கப்பட்டிருந்தன. இழுப்பதற்கு இடைஞ்சல் என்று கழற்றியிருக்கிறார் என்று நினைத்தேன்.

சோற்றைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் உறையின் அடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டேன். பெஞ்சுக் காலில் பாதத்தை ஊன்றினேன்.

"நா புடிச்சுக்கிறேன் மாமா. இப்ப இழுங்க."

மாமா இழுக்கவில்லை. என்னையே பார்த்தார். அப்புறம் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

"வேணாம்மா. ஒனக்குக் கை வலிக்கும்."

"அப்பா சரியாச் செய்யல மாமா. எல்லாரும் சிரிக்கிறாங்க."

அவர் உறையின் தையலை விரலால் தடவினார்.

"ஒங்கப்பா நல்லாத்தான் செஞ்சிருக்காரு. மாமா சொன்னேன்னு போயிச் சொல்லு."

அதற்கு மேல் அங்கே எனக்கு என்ன வேலை? சரிவில் விழுந்தடித்து ஓடினேன். அப்பா இயந்திரத்தின் அடியில் படுத்து பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார். சிரித்த ஆட்களும் பக்கத்திலேயே இருந்தார்கள். அவர்கள் காதிலும் விழட்டும் என்று உரக்கச் சொன்னேன்.

"அப்பா, மாமா துப்பாக்கிய எடுக்கப் பாத்தாரு, வரல. அடியில நா புடிச்சுக்கிட்டேன், வேணாம்னுட்டாரு. ஆனா நீங்க நல்லாத்தான் செஞ்சிருக்கீங்கன்னு..."

அப்பா எழுந்த வேகத்தில் தலை இரும்பில் இடித்தது. கையிலிருந்த ஸ்பானரை எறிந்துவிட்டு வெறுங்காலோடு மேல் கேட்டை நோக்கி ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மாமா பிழைத்தார். அன்றே துப்பாக்கியை ஒப்படைத்தார், வேலையை விட்டார், எங்கள் வீட்டின் முன்னறையில் இருந்துகொண்டு லெம்பா பெர்த்தாமில் இருந்த காய்கறித் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்வந்தார். அதன் பிறகு இருபது வருஷம் இருந்தார். சந்தோஷமாக இருந்தார் என்று சொல்ல மாட்டேன், இருந்தார்.

எனக்கு மட்டும் அன்று அழுகை அழுகையாக வந்தது. ஊரே சிரித்த வேலைக்கு ஒரே ஒரு ஆள் நல்ல வார்த்தை சொல்லி, அதை நான் மூச்சிரைக்கக் கொண்டுவந்திருக்கிறேன், அப்பா நின்று முழுதாகக் கேட்கக்கூட இல்லையே என்று. மூன்று நாள் அவரோடு நான் பேசவில்லை.