நெல் ஒதுங்கிய சாலை

சாயங்காலத் தொழுகை முடிந்து வீட்டுக்கு நடந்துவந்த ஜமால் பாய் மினி லாரி மோதி இறந்துவிட்டார் என்று பேராவூரணியிலிருந்து போன் வந்தது. "எந்த இடத்துல?" என்றுதான் முதலில் கேட்டேன். பயந்தபடியே அதே காலனி முகப்புதான்.

அவர் அரசுப் பேருந்து ஓட்டுநர். நான் அவருடைய கண்டக்டர். குத்தகை, கூலி, நில உச்சவரம்பு என்று ஊருக்கு ஊர் தகராறு நடந்த காலம் அது. அந்தக் காலனியில் அறுப்புக் கூலியாக வாங்கிய நெல்லைத் தார்ச்சாலையில் பாதியை அடைத்துக் காயப்போடுவார்கள். சக்கரம் ஏறாமலிருக்கச் சுற்றிலும் கருங்கல் வைப்பார்கள். நடந்து வருகிறவர்கள் நெல்லை மிதிக்கமாட்டார்கள், சோறாயிற்றே. நடுச்சாலைக்கு இறங்கிச் சுற்றிப்போவார்கள்.

அப்படி இறங்கிய காலனிப் பெண் செல்லம்மாள்மீது ஒருநாள் எங்கள் பேருந்து மோதிவிட்டது. தலையில் புல்லுக்கட்டு இருந்ததால் பின்னால் வந்த வண்டியை அவர் பார்க்கவில்லை. அங்கேயே உயிர் போயிற்று. இப்படி ஆனால் ஓட்டுநர்கள் ஓடிவிடுவதுதான் வழக்கம். பாய் ஓடவில்லை. அடியை வாங்கிக்கொண்டு, "நெல்ல ஏம்மா ரோட்டுல கொட்டுறீங்க?" என்று அழுதுகொண்டே கேட்டார்.

"களத்தத்தான் பண்ணையார் வேலிக்குள்ள வளைச்சுப் போட்டுட்டாரே, பாய். வேற எங்க கொட்டுறது?" என்றார் ஓர் அம்மாள்.

வழக்கில் அவர்மீது குற்றமில்லை என்று தீர்ப்பு வந்தது. ஆனால் மனிதர் அதன்பிறகு சரியாகச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. விடுப்பு நாளெல்லாம் காலனிக்காரர்களோடு தாலுகா ஆபீஸில் கிடந்தார். "நான் பிரேக்கத்தான் மிதிக்க முடியும், சார். களத்த மீட்டுக் குடுக்க வேண்டியது நீங்கதான்" என்று தாசில்தாரிடமே சொன்னார். பெரிய போராட்டத்துக்குப் பிறகு களம் கிடைத்தது. சில வருஷம் சாலையில் ஒரு மணி நெல் இல்லை.

பிற்பாடு எந்தப் புண்ணியவானுக்கோ அந்தக் களம் காலிமனையாகத் தெரிந்தது. கட்டடம் எழும்பியது, திறப்புவிழாவுக்குத் தோரணம் கட்டினார்கள். நெல் பழையபடி சாலைக்கு வந்தது. ஓய்வுபெற்றிருந்த பாய், போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "மிதிச்சிட்டே போங்க, உசுரவிட நெல்லு பெருசா?" என்று சத்தம் போடுவார்.

பாயைச் சுமந்துவந்த ஜனாஸா அந்த வழியாகத்தான் வந்தது. காலனிப் பெண்கள் கல்லை அகற்றி, நெல்லைக் கூட்டி ஓரமாகக் குவித்திருந்தார்கள். ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நேத்து நாங்களும் மிதிச்சிட்டு வாங்க பாய்னு சொன்னோம். செருப்பக் கழட்டிக் கையில எடுத்தாரு. ஆனா மனசு வரல போல, மறுபடி மாட்டிக்கிட்டு ரோட்டுல எறங்கிட்டாரு" என்றார்.

முழுச்சாலையும் காலியாக இருக்கிறது, பாய். நடுவிலேயே போய்வாருங்கள்.