அண்ணன் போனில் அடித்த அலாரம்

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில், பட்டப்பகலில், ஆள் இருக்கும் வீட்டுக்குள் திருடன் புகுந்தான். பீரோவை நெம்பித் திறந்து, செத்துப்போன அம்மாவின் செயினையும் கம்மலையும் எடுத்துக்கொண்டான். போகிற போக்கில் அடுப்படியில் இருந்த குக்கரையும் தூக்கிக்கொண்டு போனான். குக்கருக்குள் சோறு இருந்தது. மோகனப்ரியா விடியும் முன்னே எழுந்து வைத்துவிட்டுப் போன சோறு. நகை போனதைக்கூட அவள் ஒரு மாதிரி விழுங்கிக்கொண்டாள். அந்தச் சோற்றைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

அந்த நேரம் அவள் நைனா, அதாவது அப்பா ஜெகநாதன், வீட்டில்தான் இருந்தார். பின்கட்டுக் கொட்டகையில் இரண்டு விசைத்தறிகளை ஓட்டிக்கொண்டிருந்தார். முதுகு வீட்டுப் பக்கம், கண் நூல் பக்கம். வாலிப வயதிலிருந்து தறிச் சத்தத்தில் நின்று நின்று காது முக்கால்வாசி போய்விட்ட மனிதர். தறி ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் அவர் நூலைத்தான் பார்ப்பார். விசாரிக்க வந்த கான்ஸ்டபிள், "இண்ட்லோ எவரூ லேரா?" என்று கேட்டார். வீட்டில் யாருமே இல்லையா என்ற கேள்விக்கு, அந்த வீட்டில் இருந்த ஒரே ஆள் காதில் கையை வைத்துக்கொண்டு "ஆ?" என்றார். கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். தெருவும் சிரித்தது.

ப்ரியாவுக்கு விஷயம் தெரிந்தது ஷிப்ட் முடிந்த பிறகு. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் செல்போன் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. ஆறு வருடமாக நீலக் கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு, கேமரா சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு போனாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் வேலை. நாள் முழுக்கக் கையில் போன், ஆனால் ஒன்றுகூட அவளுடையது இல்லை. அவளுடையது லாக்கரில் கிடக்கும். லைனுக்குள் எடுத்துப் போனால் வேலை போய்விடும். அன்றைக்கு லாக்கரைத் திறந்தபோது திரை முழுக்க மிஸ்டு கால். கம்பெனி பஸ் நகரி வந்து சேரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது.

இண்டரில், நம்மூர் பிளஸ் டூ மாதிரி, கெமிஸ்ட்ரி இரண்டு முறை ஃபெயில். மூன்றாவது முறை எழுத இருந்த வருடம் அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் கம்பெனி. வீட்டின் மேல் ஒழுகிய ஓட்டுக்கூரையை எடுத்துவிட்டு மாடி போட்டது அவள் சம்பளம். இதையெல்லாம் யாரும் மறுக்கவில்லை. ஆனால் திருடன் வந்த மறுநாள், கூடத்தில் கூடிய எல்லோருக்கும் இது ஒரே நாளில் மறந்துபோனது.

"பொட்டப்புள்ள வீட்ல இருந்திருந்தா இது நடக்குமா?" என்றாள் புத்தூரிலிருந்து வந்த தனபாக்கியம் அத்தை.

திருப்பதியில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கும் அண்ணன் லோகேஸ்வரன் அதையே பிடித்துக்கொண்டான். "அதான் நானும் சொல்றேன். வீட்ல ஒரு பொம்பள இருந்தா திருடன் வருவானா?"

"வருவான். கழுத்த அறுத்துட்டு எடுத்துக்கினு போவான். அதுக்கா என்ன ஒக்காரச் சொல்ற?" என்றாள் ப்ரியா.

"பேச்சப் பாரு அத்தை. கம்பெனிக்குப் போய் இதத்தான் கத்துக்கினு வந்திருக்கா."

"அலாரம் வெக்கறேண்ணா. எங்க லைன்ல ஒருத்தி வீட்ல வெச்சிருக்காங்க. கதவு தெறந்தா போனுக்கு வரும்."

லோகேஸ்வரன் விரலை நீட்டினான். "சரி, வெச்சிக்கோ. ஆனா ஒன்னு. அது ஒருக்கா அடிச்சி, ஆளு யாரும் வரலன்னு வெச்சிக்கோ, மறுநாளே கம்பெனில எழுதிக் குடுத்துட்டு வந்து வீட்ல இருக்கணும்."

"அதான் நியாயம்," என்றாள் அத்தை.

ப்ரியாவுக்குக் கோபம் வந்தால் புத்தி பின்னால்தான் வரும். "சரி" என்று சொல்லிவிட்டாள்.

அலாரம் வாங்க அண்ணனும் தங்கையும் திருப்பதியில் ஒரு கடைக்குப் போனார்கள். கடைக்காரர் பிரபாகர் கை அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டியை மேசைமேல் வைத்து, பொறுமையாகத்தான் சொன்னார்.

"நாலு விதமா தெரியப்படுத்தும்மா. சைரன் தெருவே கேக்கறா மாதிரி கத்தும். ஆப் போட்டா நோட்டிபிகேஷன் வரும், அதுக்கு வைஃபை இருக்கணும். பெட்டில சிம் போட்டா எஸ்எம்எஸ் வரும். இல்லன்னா நேரா கால் பண்ணும். எடுக்கற வரைக்கும் வரிசையா ஒவ்வொரு நம்பரா அடிச்சிக்கினே இருக்கும்."

"கால்தான் வேணும். ஆனா பகல்ல என் போன் லாக்கர்ல இருக்கும் சார்."

"அப்ப வீட்டுக்காரர் நம்பர் குடுங்க."

"வீட்டுக்காரர் இல்ல."

"அண்ணன் இருக்காரே!" பிரபாகருக்கு அதோடு பிரச்சினை தீர்ந்துவிட்டது. அதன்பிறகு அவர் ப்ரியாவின் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆப்பே போதும் சார்," என்றான் லோகேஸ்வரன். "கால் வந்தா எடுக்க முடியாது, கவுண்டர்ல கஸ்டமர் நிப்பாங்க. ஆப்னா ஒரு பார்வை பாத்துக்கலாம். போன் எப்பவும் என் கைலதான் கீது."

"நீ பாத்துட்டு? திருப்பதியில இருந்து நீ நகரிக்கு வர்றதுக்குள்ள திருடன் குளிச்சி, துன்னு, தூங்கி எழுந்தே போயிடுவாண்ணா."

"நான் அங்க யாருக்காச்சும் போன் போடுவேன் இல்ல?"

"யாருக்கு?"

"யாருக்காச்சும்."

"என் நம்பரையும் சேர்த்துப் போடு. ராத்திரில நான்தானே வீட்ல இருக்கேன்."

"ஒரு வீட்டுக்கு ஒரு ஆம்பள நம்பர் போதும்மா. ரெண்டு பேருக்கு வந்தா கொழப்பம்," என்றார் பிரபாகர், அண்ணனைப் பார்த்தபடியே.

பெட்டிக்கும் வைஃபைக்கும் காசு கொடுத்தது அவள். பாஸ்வேர்டு வைத்தது அண்ணன்.

அடுத்த நாளிலிருந்து அந்தப் பெட்டி வீட்டைக் காத்ததோ இல்லையோ, அவளைப் பற்றிக் கோள் சொல்ல ஆரம்பித்தது. நைனா டீ குடிக்கக் கதவைத் திறந்தால் அண்ணன் போனுக்குப் போகும். கூடத்தில் பல்லி ஓடினால் போகும். ஞாயிற்றுக்கிழமை அவள் துணி காயப் போட வெளியே வந்தால் போகும். ஷிப்ட் முடிந்து அவள் போனை எடுத்ததும் முதல் கால் அவனுடையது. "நைனா கதவத் தெறந்தே போட்டுட்டுப் போய்க்கினு கீறாரு, பாத்தியா? நீ அங்க இருந்தா இது நடக்குமா?" அந்த நோட்டிபிகேஷன் ஒவ்வொன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுவான். அத்தை கீழே கும்பிடும் கை போடுவாள். அந்தக் கையை எதற்குப் போடுகிறாள் என்று ப்ரியாவுக்குப் புரிந்ததே இல்லை. கோபம் மட்டும் தவறாமல் வந்தது.

பிறகு ஒரு நாள், அவள் பஸ்ஸைவிட்டு இறங்கித் தெருமுனை திரும்பியபோதே சைரன் கேட்டது. ஓடினாள். முன்கதவு விரியத் திறந்து கிடந்தது. சைரன் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு வசந்தா வாசலில் உட்கார்ந்து நிதானமாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ நேரமாக்கா கத்துது?"

"அது எப்பத்தான் கத்தல? தெனமும் பல்லிக்குக் கத்துது, பூனைக்குக் கத்துது. நாங்க டிவி சவுண்ட கூட்டி வெச்சிக்கினோம்."

உள்ளே எதுவும் போகவில்லை. பீரோ பூட்டியபடி இருந்தது. வந்தவன் சைரனுக்குப் பயந்து ஓடினானா, இல்லை கதவுதான் காற்றில் திறந்துகொண்டதா, தெரியவில்லை. ப்ரியா அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அலாரம் வந்துதாண்ணா உனக்கு?"

"இப்பத்தான் பாக்கறேன். மதியம் லாட்ஜுக்கு ஒரு பெரிய குரூப் வந்துது, சைலண்ட்ல போட்டுட்டேன். ஏன், இன்னா ஆச்சு?"

"கதவு தெறந்து கெடக்குது."

அவன் குரலில் ஒரு நிம்மதியே வந்துவிட்டது. "பாத்தியா! அடிச்சிது, ஆளு வரல. பேச்சு பேச்சுதான். நாளைக்கே எழுதிக் குடுத்துடு."

"அடிச்சது உன் போன்ல. வராதவன் நீ. எழுதிக் குடுக்க வேண்டியது நீயா, நானா?"

போனைக் கட்டிலில் வீசிவிட்டுக் கொட்டகைக்குப் போனாள். நைனா எதுவும் அறியாமல், குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு நாடா போய் வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். முன்னால் சைரன் கத்துகிறது, இவர் தலையை லேசாக ஆட்டிக்கொண்டு நூல் பார்க்கிறார். "நைனா!" என்றாள். "நைனா!" தொண்டை வலித்தது. அவர் திரும்பவில்லை. யார்மேல் கோபம் என்று அவளுக்கே தெரியவில்லை. அண்ணன்மேல், கடைக்காரர்மேல், கும்பிடும் கைமேல், அந்த முதுகுமேல். சுவரில் இருந்த மோட்டார் சுவிட்சை ஓங்கி அடித்து நிறுத்தினாள்.

தறிகள் நின்றன. நின்ற அந்தக் கணமே ஜெகநாதன் சட்டென்று திரும்பினார்.

"இன்னா, கரண்ட் போயிடுச்சா?" என்றவர், தலைக்குமேல் இருந்த பல்பைப் பார்த்தார். அது எரிந்துகொண்டிருந்தது. "லைட் எரியுதே. யார்ரா அது தறிய நிறுத்தினது?" கையில் பெரிய ஸ்பானரோடு இரண்டே எட்டில் வந்தவர், மகளைப் பார்த்ததும்தான் நின்றார்.

ப்ரியா சுவிட்சையும் பல்பையும் மாறி மாறிப் பார்த்தாள். சைரனால் ஆகாதது, அவள் தொண்டையால் ஆகாதது, ஒரு சுவிட்சால் ஆனது. அவருக்குச் சத்தம் கேட்காது. சத்தம் நின்றால் மட்டும் கேட்கும். கரண்ட் போனால் பல்பும் போகும். தறி மட்டும் நின்று பல்பு எரிந்தால், யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மறுநாள் அவள் எழுதிக் கொடுக்கவில்லை. வாரத்தில் ஒருநாள் லீவு வரும்வரை காத்திருந்து, தறி மோட்டார் பார்க்கும் ரங்கையாவைக் கூப்பிட்டாள். சைரனுக்குப் போகும் ஒயரிலிருந்து ஒரு இணைப்பு எடுத்து மோட்டார் சுவிட்சில் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். கதவு திறந்தால் தறி நிற்க வேண்டும், விளக்கு நிற்கக் கூடாது.

ரங்கையா பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "ஒரு ரிலே போட்டா அதுவே சுவிட்ச அணைச்சிடும்மா. ஆனா கடைக்காரன் வாரண்டி இல்லன்னுடுவான்."

"அவன் இன்னா சொன்னாலும் என்கிட்ட சொல்ல மாட்டான், அண்ணன்கிட்டத்தான் சொல்லுவான். நீங்க போடுங்க."

ஒத்துக்கொள்ளாதது நைனாதான். விஷயத்தைக் கையால் காட்டி, காதருகில் கத்திச் சொன்னதும் அவர் முகம் கடுத்தது. "தறி நடுவுல நின்னு ஓடுனா சேலைல கோடு வுழும். பல்லி ஓடறதுக்கெல்லாம் தறி நின்னா நூல் குடுக்கற மொதலாளி துணிய மூஞ்சிலயே வீசுவான்."

அதில் நியாயம் இருந்தது. கூடத்தில் நடமாட்டம் பார்க்கும் கருவியைக் கழற்றிப் போட்டாள். முன்கதவில் இருந்ததை மட்டும் விட்டாள். அதை இயக்க ஒரு சின்ன ரிமோட். தறிக்குப் போகும்போது நைனா அமுக்க வேண்டும், வெளியே வரும்போது மறுபடி அமுக்க வேண்டும். அதை அவர் அரைஞாண் கயிற்றிலேயே கட்டிவிட்டாள்.

"திருடன் கத்தியோட வந்தா பெரியவர் இன்னா பண்ணுவாரு?" என்றார் ரங்கையா.

வாசலில் நின்று வேடிக்கை பார்த்த வசந்தாதான் பதில் சொன்னாள். "அவரு ஒரு சத்தம் போட்டாப் போதும், தெருவே ஓடிவரும். சைரன் தெனம் கத்துது. அவரு எங்க கத்தறாரு?"

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருந்தது. பெட்டியின் பின்னால் இருந்த ஓட்டைக்குள் ஊக்கை விட்டு அழுத்திப் பிடித்தாள். விளக்கு சிமிட்டி அணைந்து மறுபடி எரிந்தது. அண்ணனின் பாஸ்வேர்டு போனது. சிம் போட்டு, ராத்திரியில் கால் வர அவள் நம்பரைக் கொடுத்தாள். பெட்டி இரண்டாவது நம்பரும் கேட்டது. வசந்தாவின் பக்கம் திரும்பி, "உங்க நம்பர் சொல்லுங்கக்கா" என்றாள்.

அந்த வாரமே ஒரு நாள் ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தபோது லோகேஸ்வரனின் மிஸ்டு கால்கள் வரிசையாக இருந்தன. அவள் கூப்பிடும் முன் அவனே கூப்பிட்டான்.

"உனக்கு எவ்ளோ திமிரு! ஆப்ல இருந்து என்ன தூக்கிட்டியா? கேக்கலாம்னு லீவு போட்டுட்டு வந்தா, நைனா என்ன அடிக்க வர்றாரு ஸ்பானர எடுத்துக்கினு! வசந்தா அக்கா வெளக்கமாத்தோட நிக்கறாங்க! தெருவே நிக்குது! பெத்த புள்ள நான், என் சாவியப் போட்டு என் வீட்டுக்குள்ள வர்றேன்!"

ப்ரியா நீலக் கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டே கேட்டாள். "கதவத் தெறந்து எவ்ளோ நேரத்துல வந்தாரு?"

"எவ்ளோ நேரமா? செருப்பக் கூட கழட்டலடி!"

"அடிச்சிது. ஆளு வந்துது. பேச்சு பேச்சுதானேண்ணா?"

அவன் ஏதோ கத்த ஆரம்பித்தான். அவள் போனை வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது அவன் திருப்பதிக்குப் போயிருந்தான். நைனா தறியில் இருந்த சேலையைக் காட்டினார். தறி நின்ற இடத்தில் குறுக்கே மெல்லிதாக ஒரு கோடு. விரல் வைத்துத் தடவினால் தெரியும்.

"மொதலாளி கேட்டா இன்னா சொல்லுவீங்க?" என்று காதருகில் கத்தினாள்.

"என் மவன் வந்தான்னு சொல்றேன்," என்றார் ஜெகநாதன். அரைஞாணில் தொங்கிய ரிமோட்டை அமுக்கிவிட்டு, தறியை ஓடவிட்டார்.